நாற்பதுக்கு மேல் மூன்று ரவுண்டு: போன 'தம்' எங்கே கிடைக்கும்?

முப்பத்தெட்டு, நாற்பது வயதில் மறுபடி பாக்ஸிங் கிளவுஸ் மாட்ட வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "மாஸ்டர், தம் போயிடுச்சு." களைக்காமல் ஆடும் தெம்பைத்தான் தம் என்கிறோம். மறுநாளே விடியற்காலையில் எழுந்து பீச் ரோட்டில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஐந்து கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓட வந்துவிடும். சந்தோஷமாக ரிங்குக்குள் ஏறுவார்கள். இரண்டாவது ரவுண்டு பாதியில் பழைய கதைதான்: கை இறங்கிவிடும், வாய் திறந்துவிடும், முதுகு ரோப்பைத் தேடும்.

வட சென்னையில் பசங்களுக்கும் பசங்களுடைய அப்பாக்களுக்கும் பாக்ஸிங் சொல்லித்தருகிறவன் நான். இது அப்பாக்களுக்காக எழுதுவது. சின்ன வயதில் மாவட்டம், மாநிலம் என்று ஆடிவிட்டு, வேலை கல்யாணம் என்று ஒதுங்கி, திரும்பி வந்தவர்கள் ஒரு வகை. விடாமல் ஆடிக்கொண்டே நாற்பதைத் தொட்டவர்கள் இன்னொரு வகை. முதன்முதலாக நாற்பதில் கற்க வருகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது முதலில் கை வைப்பது நாம் தேறும் வேகத்தில். நாலு அடி சேர்த்து அடித்துவிட்டு அடுத்த பத்து விநாடியில் தேறுவது ஒன்று. ரவுண்டுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் தேறுவது இரண்டு. செவ்வாய்க்கிழமை வாங்கிய களைப்பிலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் தேறுவது மூன்று. இந்த மூன்றில் எது தளர்ந்தாலும் நாம் சொல்வது "தம் போச்சு" என்றுதான். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. காலை ஓட்டம் மூன்றில் ஒன்றைக்கூட நேராகத் தொடுவதில்லை.

உள்ளே என்ன குறைகிறது

இதயம் உச்சத்தில் எத்தனை முறை துடிக்கும் என்பது வயதோடு இறங்கும். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் ஏறக்குறைய அந்த எண் வரும். 25 வயதில் 190, 45 வயதில் 176. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்னே பின்னே இருக்கும். என்ன பயிற்சி செய்தாலும் இந்த இறக்கத்தை நிறுத்த முடியாது. உடம்பு உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவும் முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறையும். இதில் நமக்குப் பிடி இருக்கிறது: கடுமையான பயிற்சியை விடாதவர்களுக்கு அந்த இறக்கம் ஏறக்குறைய பாதியாகிறது.

அடுத்தது தசை. தசையில் மெதுவாக இழுக்கும் நார்கள் உண்டு, சட்டென்று வெடிக்கும் நார்கள் உண்டு. வயது தின்பது முக்கியமாக இரண்டாவது வகையை. பாக்ஸரின் சொத்தே அதுதான். அடியின் முதல் வேகம், பின்னங்காலைத் தள்ளி உள்ளே புகுவது, அடித்த கையோடு வெளியே வருவது எல்லாம் அந்த நார்களின் வேலை. அதனால்தான் பழைய வாத்தியார்கள் "முதல்ல கால் போவும், அப்புறம் கண்ணு, கடைசியாத்தான் அடி போவும்" என்பார்கள். அடியின் கனம் கடைசிவரை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அது உடல் எடையிலிருந்தும் இடுப்பைத் திருப்பும் பழக்கத்திலிருந்தும் வருவது. அந்த இரண்டும் சீக்கிரம் போவதில்லை.

கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை புறப்படும் நேரமும் இருபதுகளின் நடுவிலிருந்தே மெல்ல நீள ஆரம்பிக்கும். விநாடியில் மிகச் சிறிய பங்குதான். ஆனால் ஒரு ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையின் நேர் குத்து, முகத்தைத் தொடுவதற்கும் காதோரம் போவதற்கும் நடுவே இருப்பதும் அவ்வளவுதான்.

இதற்கு அமெரிக்கத் தொழில்முறை பாக்ஸர்கள் ராய் ஜோன்ஸும் பெர்னார்ட் ஹாப்கின்ஸும் போல நல்ல பாடம் கிடையாது. 1993-இல் ஜோன்ஸ் ஹாப்கின்ஸைப் புள்ளிகளில் சுலபமாக ஜெயித்தார். கையைத் தொங்கப்போட்டு, தலையை நீட்டி, எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்துவிட்டு அடிக்கும் ஆட்டம் ஜோன்ஸுடையது. முழுக்க முழுக்க ரிஃப்ளெக்ஸ். ஹாப்கின்ஸிடம் அந்த மின்னல் கிடையாது. தாடை உள்ளே, கை மேலே, ஒரு ஜாப், ஒரு அடி நகர்வு. 2004 மே மாதம், 35 வயதில், ஆன்டோனியோ டார்வரின் ஒரே இடது கை அடியில் இரண்டாவது ரவுண்டில் ஜோன்ஸ் விழுந்தார். அதற்குப் பிறகு அந்தப் பழைய ஜோன்ஸ் திரும்பவே இல்லை. 2010-இல் இருவரும் மறுபடி மோதினார்கள். ஹாப்கின்ஸுக்கு 45, ஜோன்ஸுக்கு 41. ஜெயித்தது 45. அடுத்த வருடம் மான்ட்ரியலில் ஜான் பாஸ்கலை ஜெயித்து, 46 வயதில் உலகப் பட்டம் வாங்கினார். அந்தச் சண்டையில் ஏழாவது ரவுண்டுக்கு முன் ரிங்கிலேயே புஷ்-அப் எடுத்துக் காட்டினார். அதை யாரும் பின்பற்ற வேண்டாம், அது கூட்டத்துக்காகச் செய்தது. 49-இலும் ஒரு பட்டச் சண்டையை ஜெயித்தார்.

எது உங்களைக் கைவிடப்போகிறதோ அதன்மேல் ஆட்டத்தைக் கட்டாதீர்கள். சின்ன வயதில் கையை இறக்கிவைத்து ஆடிப் பெயர் வாங்கியவர் என்றால், திரும்பி வந்த முதல் நாளே கார்டைத் தூக்குங்கள், முகத்தைக் காக்கக் கை மேலேயே இருக்கட்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

செலவில்லாத சோதனை இது. பேக்கில் (தொங்கும் குத்துப் பையில்) மூன்று நிமிடம், உங்கள் வழக்கமான வேகத்தில். மணி அடித்ததும் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி நாலால் பெருக்குங்கள். மெதுவாக நடந்துகொண்டே ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். மூன்று ரவுண்டுக்கும் இப்படியே. வாராவாரம் இதைச் செய்தால் எண்ணுக்கு எண் ஒப்பிடலாம். முதல் ரவுண்டுக்குப் பிறகு நன்றாக இறங்கி, மூன்றாவதுக்குப் பிறகு இறங்காமல் அடம்பிடித்தால் உங்கள் சிக்கல் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. முதல் ரவுண்டுக்குப் பிறகே ஒரு நிமிடத்தில் 12 துடிப்புகூட இறங்கவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு இதய டாக்டரைப் பாருங்கள். அது பாக்ஸிங் மாஸ்டரிடம் கேட்கும் கேள்வி கிடையாது.

இன்னொன்று, போனில் வீடியோ. பக்கவாட்டிலிருந்து, கால் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். முதல் ரவுண்டின் முதல் நிமிடத்தையும் மூன்றாவதின் கடைசி நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். நான் பார்ப்பது பின்னங்காலின் குதிகாலை. முதல் நிமிடத்தில் அது தரையிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கியே இருக்கும். கால் களைத்ததும் படிந்துவிடும். குதிகால் படிந்தால் எடை பின்னால் போகும், அடி வெறும் தோளிலிருந்து போகும், தோள் சீக்கிரம் ஓயும், கை இறங்கும். ஆடுகிறவருக்கு "கை ஓஞ்சிடுச்சு" என்றுதான் தோன்றும். ஓய்ந்தது கெண்டைக்காலும் தொடையும்.

ஹார்பரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, நாற்பத்து மூன்று வயது, நல்ல கட்டான உடம்பு. "இன்னா மாஸ்டர், ரெண்டாவது ரவுண்டுலயே மூச்சு கட்டிக்குது" என்றார். பேட் (அடியை வாங்கக் கையில் மாட்டும் திண்டு) பிடித்துப் பார்த்தேன். ஜாப் அடிக்கும்போது பல்லிடுக்கில் "ஸ்" என்று மூச்சு கேட்டது. நாலு அடி கோர்த்து அடிக்கச் சொன்னால் முதல் அடியில் ஒரு "ஸ்", அப்புறம் நாலாவது அடி முடிகிறவரை சத்தமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்திருக்கிறார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. அவருக்கு நான் ஓட்டம் கொடுக்கவில்லை. பாதி வேகத்தில் நாலு அடி, நாலு "ஸ்". எனக்கு நாலும் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் பேடை இறக்கிவிடுவேன். சில வாரத்தில் மூன்று ரவுண்டும் முழுசாக நின்றார். இதயமோ நுரையீரலோ அதற்குள் ஒன்றும் மாறியிருக்காது. வீணாகப் போய்க்கொண்டிருந்தது நின்றது.

ரவுண்டுக்குள் தேறுவது

களைப்பில் பெரும்பங்கு அடித்த அடியால் வருவதில்லை. காற்றில் போன அடியால் வருகிறது. முழு வேகத்தில் விட்ட ஹுக் (வளைத்து அடிக்கும் குத்து) தவறினால் அதைப் பிடித்து நிறுத்தவும் உடம்பை மறுபடி நேராக்கவும் தசை கூடுதலாக உழைக்கிறது. ஆகவே நாற்பதுக்கு மேல் முதல் விதி: ஜாப் தொடாமல் பின்கை போகக் கூடாது. ஜாப் தொட்டால் தூரம் சரி என்று அர்த்தம். தொடவில்லை என்றால் கையைச் சேமியுங்கள்.

இரண்டாவது, கோர்வையைச் சுருக்குங்கள். இருபது வயதுப் பையன் ஆறு அடி கோர்ப்பான். நீங்கள் இரண்டு அல்லது மூன்று அடித்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு எட்டு வையுங்கள். நேர் பின்னால் போகாதீர்கள். பின்னால் போனால் எதிராளி துரத்துவான், நீங்கள் மறுபடி நகர வேண்டும். பக்கவாட்டில் போனால் அவன் திரும்பி, காலைச் சரிசெய்து, பிறகுதான் வர முடியும். உங்களுக்கு இரண்டு மூச்சு கிடைக்கும்.

கிளிஞ்ச், அதாவது எதிராளியைக் கட்டிப் பிடிப்பது பற்றிக் கேட்பார்கள். தொழில்முறைச் சண்டையில் ஹாப்கின்ஸ் அதை வைத்தே பிழைத்தார். அமெச்சூரில் பிடித்தால் ரெஃபரி எச்சரிப்பார், தொடர்ந்தால் புள்ளி போகும். அதனால் பிடிப்பதை நம்பிப் பயிற்சி செய்யாதீர்கள்.

அமெரிக்க ஹெவிவெயிட் பாக்ஸர் ஜார்ஜ் ஃபோர்மேனைப் பாருங்கள். 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலியோடு மோதியபோது அவருக்கு 25 வயது, உச்ச பலம். ரோப்பில் சாய்ந்து நின்ற அலியின் கைமேலும் தோள்மேலும் அடித்து அடித்து ஓய்ந்து, எட்டாவது ரவுண்டில் விழுந்தார். இருபது வருடம் கழித்து 1994 நவம்பரில் லாஸ் வேகாஸில், 26 வயது மைக்கேல் மூரருக்கு எதிரே 45 வயதில் நின்றார். மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். அவசரப்படவே இல்லை. கனமான ஜாப், குறுகிய நகர்வு, காத்திருப்பு. பத்தாவது ரவுண்டில் ஒரு இடது, ஒரு வலது, முடிந்தது. எட்டாவது ரவுண்டுக்குத் தாங்காதவர் 25 வயதுக்காரர். பத்தாவதில் அடி மிச்சம் வைத்திருந்தவர் 45 வயதுக்காரர். இரண்டு பேரும் ஒரே ஆள். இந்த ஒரு உதாரணத்தை நான் கிளாசில் திரும்பத் திரும்பச் சொல்லி, பசங்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நிமிடத்தை வாங்குவது

அதே ஃபோர்மேன் ரவுண்டுக்கு நடுவே ஸ்டூலில் உட்காரவே மாட்டார், நின்றுகொண்டே இருப்பார். நீங்கள் உட்காருங்கள். காலை நீட்டி, கையைத் தொடையில் போட்டு, முதல் இருபது விநாடி யாரும் பேசக் கூடாது. மூக்கால் இழுத்து, வாயால் அதைவிட இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். விடுவதுதான் முக்கியம். களைத்தவர் எல்லாரும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், விட மாட்டார்கள். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர், ஒரே ஒரு அறிவுரை. கார்னரில் (ரிங் மூலையில் நம் ஆட்கள் நிற்கும் இடத்தில்) நாலு பேர் நாலு பக்கம் கத்தும் வழக்கம் நம் ஊரில் அதிகம். அவர்களை அடக்குவது உங்கள் மாஸ்டரின் வேலை.

இந்த ஒரு நிமிடத் தேறலைப் பயிற்சியால் கூட்டலாம். அதற்கு நீண்ட ஓட்டத்தைவிட விட்டு விட்டுச் செய்யும் கடுமையான வேலை உதவும். பேக்கில் இப்படி ஆரம்பியுங்கள்: 15 விநாடி முழு வேகம், 45 விநாடி லேசான ஜாபும் நகர்வும். மூன்று முறை செய்தால் ஒரு ரவுண்டு. ஒரு நிமிட ஓய்வு. மூன்று ரவுண்டு. துடிப்பு நோட்டில் எண்கள் இறங்க ஆரம்பித்த பிறகு 20-க்கு 40 என்று மாற்றுங்கள். 30-க்கு 30 என்பது போட்டிக்குப் போகிறவருக்கு மட்டும்.

பேக் அலுத்தால் படிக்கட்டு. சென்னையில் மலை இல்லை, படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. வேகமாக ஏறி, நடந்து இறங்குங்கள். இறங்கும்போது ஓடினால் முட்டி சொல்லும். கடற்கரை மணலில் வேக ஓட்டம் வேண்டாம். குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தசைநாண் நாற்பதுக்கு மேல் பழைய நெகிழ்வில் இருக்காது, மணலில் குதிகால் கீழே போய்ப் போய் அது இழுபடும். ஸ்கிப்பிங்கும் அப்படியே: சிமென்ட் தரையில் வேண்டாம், ரப்பர் மேட் அல்லது பலகை. இரண்டு நிமிடமாக மூன்று தடவை போதும்.

காலுக்கு பஸ்கி. நூறு, இருநூறு என்று எண்ணிக்கொண்டே போகும் பஸ்கி இல்லை. மணல் மூட்டையைத் தோளில் போட்டு, மெதுவாக உட்கார்ந்து, வெடிப்பாக எழுந்து, ஐந்தே ஐந்து. நல்ல ஓய்வு. மறுபடி ஐந்து. வெடிக்கும் நார்களை எழுப்புவது கனமும் வேகமும்தான். எண்ணிக்கை கூடக் கூட வேகம் குறையும், வேகம் குறைந்தால் வேறு நார்கள்தான் வேலை செய்யும். படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோளுக்குக் கர்லாக்கட்டை இருந்தால் சுற்றுங்கள். ஹுக் அடித்தே தேய்ந்த தோள் மூட்டுக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. தண்டால் எல்லாரும் எடுப்பார்கள், நான் சொல்லத் தேவையில்லை.

நாளுக்கு நாள் தேறுவது

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பையனாக இருந்தபோது வாரம் ஆறு நாள் ஆடியதை நினைத்து அதே அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாற்பதுக்கு மேல் வாரத்தில் கடுமையான நாள் இரண்டு. அவ்வளவுதான். நான் கொடுப்பது: செவ்வாய் பேக்கில் மேலே சொன்ன விட்டு விட்டு வேலை. புதன் நடை. வியாழன் மணல் மூட்டை, கர்லாக்கட்டை, கொஞ்சம் ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் ஆடுவது). வெள்ளி ஒன்றும் இல்லை. சனி பேட் அல்லது ஸ்பாரிங் (ஜோடி சேர்ந்து ஆடும் பயிற்சிச் சண்டை). ஞாயிறு வீட்டோடு இருங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் உங்கள் முகம் தெரிய வேண்டும். திங்கள் ஃபுட்வொர்க், ஜாப், கார்டு, வியர்வை வந்தால் போதும். நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் ஷிப்ட் முடிந்த அன்று கடுமையான நாளை வைக்காதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பில் வேகப் பயிற்சி ஏறாது, காயம்தான் ஏறும்.

காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் துடிப்பை எண்ணும் பழக்கம் வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை. அன்றைய கடுமையான வேலையைத் தள்ளிப்போடுங்கள். "ஒரு நாள் விட்டா போச்சு" என்ற பயம் இருபது வயதுக்காரனுக்கே தேவையில்லை.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வயதான தசை புரதத்தை மந்தமாகத்தான் வாங்கும். அதே வேலைக்கு ஒரு வேளையில் கூடுதலாக வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.4 கிராம். 70 கிலோ ஆளுக்கு வேளைக்கு 28 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. நூறு கிராம் மீனில் சுமார் 20. வஞ்சிரம் வாங்க வேண்டாம், மத்தி போதும். வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் எட்டு ஒன்பது வரும். நம் வழக்கம் காலையில் நாலு இட்லி, மதியம் குழம்பு சாதம், ராத்திரி மட்டும் கறி. மொத்தத்தையும் ராத்திரியில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துப்போடுங்கள். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

வெயில் தனிக் கதை. வயது கூடக் கூடத் தாக உணர்வு மங்கும். உடம்பு வற்றியிருக்கும், நாக்கு கேட்காது. தாகத்தை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் போனது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். அதையும் கூடக் கொஞ்சமும் அடுத்த சில மணி நேரத்தில் குடித்து ஈடுகட்டுங்கள். உப்புப் போட்ட மோர் நல்லது, பிபி இல்லாதவர்களுக்கு. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மாலை நாலு மணி கிளாஸ் நான் வைப்பதில்லை.

எடை இறக்குவது பற்றி நான் கண்டிப்பானவன். ரெயின்கோட் போட்டு ஓடி, துப்பித் துப்பி ரெண்டு மூணு கிலோ இறக்கி எடை காட்டுவது பையன்களுக்கே கெடுதல். நாற்பதில் அது நேராக ரிஃப்ளெக்ஸையும் தம்மையும் பிடுங்கும். ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் எடைப் பிரிவுக்கு ஏறி ஜான் ரூயிஸை ஜெயித்தார், அதே வருடம் நவம்பரில் மறுபடி லைட் ஹெவிவெயிட்டுக்கு உடம்பை இறக்கி டார்வரோடு தட்டுத்தடுமாறி ஜெயித்தார், ஆறு மாதத்தில் விழுந்தார். அந்த இறக்கத்துக்கும் விழுந்ததுக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம்.

அதைவிட வேதனையானது அலி. 1980 தொடக்கத்தில் மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார், எம்.ஜி.ஆர். வந்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அதே வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் லேரி ஹோம்ஸுக்கு எதிரே ஏறியபோது 38 வயது. இளைத்து, வயிறு ஒட்டி, பார்க்க இளமையாக இருந்தார். தைராய்டு மாத்திரை எடுத்து எடை இறங்கியிருந்தது. முதல் ரவுண்டிலிருந்தே காலில் உயிர் இல்லை, கை போகவில்லை. பத்து ரவுண்டு அடி வாங்கியதும் அவர் கார்னரே சண்டையை நிறுத்தியது. கண்ணாடியில் தெரியும் உடம்பை வைத்துத் தம்மை அளக்காதீர்கள். போட்டிக்குப் போவதானால், சாதாரணமாகச் சாப்பிட்டு இருக்கும் எடைக்கு உரிய பிரிவில் போங்கள்.

தலை

மேலே சொன்னதெல்லாம் பயிற்சியால் ஈடுகட்டக்கூடியவை. தலைக்குப் பயிற்சி கிடையாது.

வயதோடு மூளை மெல்லச் சுருங்குகிறது. மண்டை ஓட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடந்து போகும் சின்னச் சிரைகள் இழுபட்டு நிற்கும். இருபது வயதுக்காரன் உதறிவிட்டுப் போகிற அடியில் நமக்கு அந்தச் சிரை கிழிந்து ரத்தம் கசியலாம். சில சமயம் அது வாரக் கணக்கில் மெதுவாகச் சேர்ந்து, பிறகுதான் தலைவலி, தடுமாற்றம், பேச்சுக் குழறல் என்று வெளியே தெரியும். ஹெட்கார்டு முகத்தைக் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

ஆகவே நாற்பதுக்கு மேல் ஸ்பாரிங் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். 16 அவுன்ஸ் கிளவுஸ், உங்கள் எடைக்காரர், முடிந்தால் உங்கள் வயதுக்காரர். பாதிக்கு மேற்பட்ட ரவுண்டுகளில் உடம்பில் மட்டும் அடிப்பது என்று பேசிக்கொண்டு ஆடுங்கள். "அண்ணனை அடிச்சேன்" என்று பெயர் வாங்கத் துடிக்கும் பத்தொன்பது வயதுப் பையன் எல்லா ஜிம்மிலும் ஒருவன் இருப்பான். நல்ல பையன்தான், ஆனால் அவனோடு வேண்டாம். அவனுக்கும் அது நல்லதில்லை. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர்களுக்குத் தலையில் படும் ஸ்பாரிங் கிடையவே கிடையாது, பேரம் இல்லை. கிளவுஸ் மாட்டுவதற்கு முன் ஈசிஜி, பிபி, சர்க்கரை, கண் விழித்திரை இவை நாலும் பார்த்துச் சீட்டு கொண்டுவரச் சொல்கிறேன். முகம் சுளிப்பவர்களும் உண்டு.

சர்வதேச அமெச்சூர் விதிப்படி எலைட் என்ற பெரியவர்கள் பிரிவு 40 வயதோடு முடிகிறது. 2018 நவம்பரில் டெல்லியில் ஆறாவது உலகத் தங்கத்தை வாங்கியபோது மேரி கோமுக்கு 35 வயது தாண்டியிருந்தது; 2021-இல் டோக்கியோவில், 38 வயதில், கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 3-2 என்று மயிரிழையில் தோற்றார். அவ்வளவு சாதித்தவருக்கும் அந்த 40 என்ற கோடு ஒன்றுதான். தொழில்முறையில் எல்லா இடத்துக்கும் பொதுவான கோடு இல்லை, அதுதான் ஆபத்து. 2016 டிசம்பரில் ஹாப்கின்ஸ், 52-க்கு ஒரு மாதம் முன், எட்டாவது ரவுண்டில் ரோப்புக்கு வெளியே போய் விழுந்தார். 49 வயதுவரை எல்லாம் சரியாகச் செய்தவர் அவர்.

ஸ்பாரிங்கை எப்போது நிறுத்துவது? நான் மூன்று அடையாளம் பார்க்கிறேன். முன்பு லேசாக எடுத்துக்கொண்ட அடிக்கு இப்போது கால் மடங்குவது. அடி வருவது கண்ணுக்குத் தெரிந்தும் கை மேலே போகாமல் இருப்பது. ஸ்பாரிங் நாளின் ராத்திரி தலைவலி, மறுநாள் எரிச்சல், பெயர் மறப்பது. மூன்றாவதை நான் பார்க்க முடியாது, வீட்டில் இருப்பவர்தான் பார்ப்பார். அதனால் வீட்டம்மாவின் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் ஸ்பாரிங் நிற்கும், டாக்டர் பார்க்க வேண்டும். பேக், ஷேடோ, படிக்கட்டு, மணல் மூட்டை எல்லாம் எழுபது வரை செய்யலாம்.

ஸ்பாரிங்கை விட்டவர்களைப் பேட் பிடிக்கச் சொல்வேன். கண்ணுக்கும் காலுக்கும் அது ஏறக்குறைய அதே வேலை, தலையில் மட்டும் படாது. முதல் சில நாள் முழங்கை வலிக்கும். பேடை உடம்பிலிருந்து நீட்டிப் பிடிப்பதால் வருவது அது. தோளுக்கு நேரே, முழங்கையை மடக்கி, அடி வந்து சேரும் நேரத்தில் ஒரு விரல் அளவு எதிரே கொடுங்கள்.